கடலில் ஒரு சித்தி வீடு

எங்களுக்கும் அந்தச் சின்னக் கப்பலுக்கும் நடுவே நாற்பது மீட்டர் கடல் இருந்தது. இரண்டு கப்பலும் ஒரே திசையில், ஒரே வேகத்தில், பக்கத்தில் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தன. நடுவே அகப்பட்ட தண்ணீர் மட்டும் உலை கொதிப்பதுபோல் கொதித்தது. அதற்கு மேலே, ஒரு இரும்புக் கம்பியில் தொங்கிய கறுப்புக் குழாய் வழியாக எங்கள் வயிற்றிலிருந்த டீசல் அவர்கள் வயிற்றுக்குப் போய்க்கொண்டிருந்தது.

புயல் கரையைக் கடந்து சில நாள் ஆகியிருந்தது. வானம் தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லாததுபோல் வெளுத்துக் கிடந்தது. கடலுக்கு மட்டும் இன்னும் கோபம் அடங்கவில்லை.

என் வேலை வின்ச்சில், அந்தக் கம்பியைச் சுற்றி இழுக்கிற இயந்திரத்தில். இரண்டு கப்பலும் ஆடும்போது அந்தக் கம்பி தொய்யவும் கூடாது, விறைத்து அறுந்துவிடவும் கூடாது. விட்டுக் கொடுக்கவேண்டிய நேரத்தில் விட்டுக் கொடுத்து, இழுக்கவேண்டிய நேரத்தில் இழுக்க வேண்டும். கண் கம்பியை விட்டு அகலக் கூடாது.

என் கண் கம்பியில்தான் இருந்தது. மனம் மேற்கே இருந்தது. கண்ணுக்கு எட்டாத தூரத்தில் கோடியக்கரை. அதைத் தாண்டி உள்ளே, வேதாரண்யம் பக்கம் ஒரு ஊரில் என் மனைவி செல்வி நிறைமாதமாக இருந்தாள். புயலுக்குப் பிறகும் இருக்கிறாளா என்று எனக்குத் தெரியாது. சொல்ல ஆளும் இல்லை, போனும் இல்லை.

பங்க் செந்தில்

சென்ற வாரம் இந்தத் தொடரில், கடற்படைப் பயிற்சிக் காலத்தில் நான் வாங்கிய திட்டுகளை எழுதியிருந்தேன். படித்துவிட்டு மன்னார்குடியிலிருந்து ஒரு வாசகர் போன் செய்தார்.

"அப்புறம் எந்தப் போர்க்கப்பல்ல போட்டாங்க சார்?"

"போர்க்கப்பல் இல்லைங்க. போர்க்கப்பலுக்கு எண்ணெய் ஊத்துற கப்பல்."

"அதுவும் வேணும்ல சார்" என்று ஆறுதல் சொன்னார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். இதே ஆறுதலை என் ஊரே எனக்குச் சொல்லியிருக்கிறது. ஒரத்தநாட்டுப் பக்கம் எங்கள் ஊரிலிருந்து கடற்படைக்குப் போன முதல் ஆள் நான். தேர்வானதும் பேருந்து நிறுத்தத்தில் பேனர் வைத்தார்கள். ஏவுகணை, பீரங்கி, சீறிப் பாயும் விமானம் என்று கம்ப்யூட்டரில் கிடைத்ததையெல்லாம் போட்டு, நடுவில் என் பாஸ்போர்ட் சைஸ் முகம். நானும் அதை நம்பித்தான் போனேன்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது டீக்கடையில் வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். என்னோடு படித்த பாஸ்கர் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான்.

"அப்ப கடலுக்கு நடுவுல பெட்ரோல் பங்க்ல வேலைன்னு சொல்லு!"

அன்றிலிருந்து நான் பங்க் செந்தில். வரப்பில் போகும்போது பைக்கை நிறுத்தி, "செந்திலு, அரை லிட்டர் போட்டு வுடு" என்பார்கள். பேனரைக் கிழித்து யார் வீட்டு மாட்டுக் கொட்டகைக்கோ மேலே போட்டுவிட்டார்கள். மழைக்கு ஒழுகாமல் இருந்ததாகக் கேள்வி.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. கடைமடை நிலத்தில் தண்ணீருக்குக் காத்துக் காத்து வயதானவர். "நீங்க ஊத்தலன்னா அவுங்க என்ன பண்ணுவாங்க?" என்று கேட்டார்.

"பாதி வேலையில திரும்பிக் கரைக்கு வரணும்ப்பா."

"அப்ப சரி" என்று சாப்பிட உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு என் வேலையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

மௌசி

கப்பலின் உண்மைப் பெயரை எழுதப் போவதில்லை. மற்றக் கப்பல்களின் மாலுமிகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் மௌசி. இந்தியில் அம்மாவின் தங்கைக்கு அப்படிச் சொல்வார்கள். நம் ஊரில் சித்தி.

அவள் ஒரு வெளிநாட்டுத் துறையில் கட்டப்பட்டு, நான் அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போன காலத்தில் கடற்படைக்கு வந்தவள். நான் போய்ச் சேரும்போது நடுவயது. இடுப்புப் பெருத்து, நடை மெதுவாகி, இருமல் வந்திருந்தது. காலையில் எஞ்சின் பிடிக்கும்போது அந்த இருமல் என் படுக்கை வரை கேட்கும். வயிறு முழுக்கத் தொட்டிகள். கப்பல்களுக்கு டீசல் ஒரு பக்கம், ஹெலிகாப்டருக்கான எண்ணெய் ஒரு பக்கம், குடிதண்ணீர் ஒரு பக்கம்.

பத்திரிகையில் கடற்படைப் படம் வந்தால் முன்னால் ஒல்லியாக, சாம்பல் நிறத்தில், மூக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு போர்க்கப்பல் நிற்கும். ஓரத்தில் எங்கள் கப்பலின் பின்பக்கம் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். ஒரு படத்தில் எங்கள் குழாய் மட்டும் விழுந்திருந்தது. அதை வெட்டி பீரோ கதவில் ஒட்டி வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வருபவர்கள் அது என்ன பாம்பா என்று கேட்கிறார்கள்.

ஆனால் அவள் பார்க்காத கடல் இல்லை. ஏடன் பக்கம் கடற்கொள்ளையருக்கு எதிரான காவலில் நம் கப்பல்கள் வாரக்கணக்கில் நின்றபோது, பின்னால் நாங்கள் நின்றோம். தென்கடலில் அலை மேல்தளத்துக்கே ஏறி வந்து எங்களைக் குளிப்பாட்டிவிட்டுப் போகும். ஒருமுறை கம்பி அறுந்து சாட்டைபோல் தளத்தைச் சுழற்றி அடித்தது. எல்லோரும் குப்புற விழுந்தோம். எங்கள் தளத் தலைவர் ஜோசப் சார் முதலில் தலைகளை எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்ததும் ஒவ்வொருவரையும் தனித்தனியாகத் திட்டினார். கண்ணூர்க்காரர். மலையாளத்தில் ஆரம்பித்து, இந்திக்கு வந்து, என்னைத் திட்டும்போது மட்டும் தமிழுக்கு மாறினார். அந்த மரியாதையை நான் மறக்கவில்லை.

எண்ணெய் கொடுக்கும்போது ஒரு முறை உண்டு. கொடுக்கிற கப்பல் வேகத்தையும் மாற்றாது, திசையையும் மாற்றாது. கோடு போட்டதுபோல் நேரே போய்க்கொண்டே இருக்கும். வாங்க வருகிற கப்பல்தான் பின்னாலிருந்து வந்து, பக்கத்தில் ஒட்டி, தன் வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஒத்துப்போக வேண்டும். எங்கள் மௌசி அதில் கெட்டிக்காரி. இரண்டு பக்கமும் இரண்டு கப்பலைப் பிடித்துக்கொண்டு, எந்தப் பக்கமும் சாயாமல் மணிக்கணக்கில் போவாள்.

அவள் வயதாக ஆக எங்கள் வேலையும் கூடியது. துருவைச் சுரண்டு, பெயின்ட் அடி, மறுபடி சுரண்டு. ஊருக்கு வந்தால் என் சட்டையை செல்வி வாளியில் தனியாக ஊறப் போடுவாள். "எத்தன தண்ணில அலசுனாலும் டீசல் வாடை போவலங்க" என்று கொடியில் காயப்போட்டுவிட்டு மூக்கைச் சுளிப்பாள். எனக்கு அந்த வாடை தெரியாது. மூக்கு எப்போதோ கப்பலோடு சமாதானமாகிவிட்டது.

ரொட்டிப் பை

மௌசி என்ற பெயருக்கு எண்ணெய் காரணமில்லை. ரொட்டிதான் காரணம்.

சின்னக் கப்பல்களில் சமையலறை நம் வீட்டுக் குளியலறை அளவுதான். ரொட்டி சுட அடுப்பு இருக்காது. எங்களிடம் பெரிய அடுப்பு இருந்தது. ஒரு கப்பல் எண்ணெய்க்கு வருகிறது என்றால் விடியும்போதே எங்கள் சமையல்காரர்கள் மாவு பிசைய ஆரம்பித்துவிடுவார்கள். கப்பல் முழுக்க வெந்த ரொட்டி மணம் டீசல் வாடையை மீறி வரும்.

முதலில் ஒரு துப்பாக்கியால் மெல்லிய கயிறு ஒன்றை அந்தப் பக்கம் சுடுவோம். அதைப் பிடித்துத் தடித்த கயிற்றை இழுப்பார்கள். அதன் பின்னால் கம்பி, கம்பியில் குழாய். எங்கள் கப்பலின் வழக்கம் என்னவென்றால், குழாய் போகும் முன்னால் அந்தக் கயிற்றில் ஒரு கித்தான் பை போகும். பை நிறையச் சூடான ரொட்டி. எந்தச் சட்டப் புத்தகத்திலும் இது கிடையாது. எந்தத் தலைவரும் தடுத்ததும் கிடையாது.

காலிப் பை திரும்பி வராது. நம் வீட்டில் பக்கத்து வீட்டுக் கிண்ணத்தை வெறுமனே திருப்பித் தருவோமா? அந்தமானிலிருந்து வந்த கப்பல் தேங்காய் போட்டு அனுப்பும். குஜராத் பக்கமிருந்து வந்தால் கடலை மிட்டாய். ஒருமுறை உயிரோடு நண்டு வந்தது. பையை அவிழ்த்தவன் போட்ட கூச்சலில் மேல்மாடத்திலிருந்து கேப்டன் எட்டிப் பார்த்தார்.

செல்வி போன தாய்வீடு

தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் பக்கத்து முறை. ஏழாம் மாதம் ஒரத்தநாட்டில் வளைகாப்பு முடித்து, வேதாரண்யம் பக்கம் தன் அம்மா வீட்டுக்குச் செல்வி போனாள். நான் லீவு முடிந்து கப்பலுக்குப் போனேன். பிரசவத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்கு.

புயல் வேறு கணக்கு வைத்திருந்தது. எச்சரிக்கை வந்ததும் கப்பல்களெல்லாம் ஆழக்கடலுக்குப் போய்விட வேண்டும். போனோம். கடைசியாக அவளோடு பேசியபோது அவள் குரலுக்குப் பின்னால் தகரம் படபடத்தது.

"காத்து இப்பவே ஒரு மாதிரியா அடிக்குதுங்க. அம்மா எல்லாத்தையும் மூட்ட கட்டுது. நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்று சொல்வதற்குள் போன் அறுந்துவிட்டது.

புயல் முடிந்ததும் அதன் பின்னாலேயே நாங்களும் போனோம், நிவாரணத்துக்கு. சின்னக் கப்பல்கள் கரைக்குக் கிட்டே போய்ப் படகில் ஆட்களையும் அரிசியையும் இறக்கின. எங்கள் கப்பல் கனத்தது, கிட்டே போனால் தரை தட்டிவிடும். தூரத்தில் நின்று அவர்களுக்கு எண்ணெயும், கரைக்குக் கொடுக்கக் குடிதண்ணீரும் கொடுத்தோம். கரையிலிருந்து செய்தி ஒவ்வொன்றாக வந்தது. தென்னை முழுக்கச் சாய்ந்துவிட்டது, ஓட்டு வீடுகளில் ஓடு இல்லை, செல்போன் கோபுரங்கள் மடிந்து கிடக்கின்றன. கப்பலின் சாட்டிலைட் போனில் பேச ஜோசப் சார் அனுமதி வாங்கித் தந்தார். ஒரத்தநாடு, வேதாரண்யம், பட்டுக்கோட்டையிலிருக்கும் அத்தை வீடு என்று போட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் ஒரு போனுக்கும் உயிர் இல்லை.

என்னால் ஒரு சின்னக் கப்பலுக்கு மாறி, கரைக்குப் போயிருக்க முடியும். ஜோசப் சாரே கேட்டார்.

"மோனே, போகணும்னா சொல்லு. ஞான் கேப்டன்கிட்ட பேசறேன். பட்சே வின்ச்சுக்கு வேற ஆளில்லை. அதையும் சொல்லிட்டேன்."

வின்ச் தெரிந்த இன்னொருவன் புயலில் விழுந்து கை ஒடிந்து படுத்திருந்தான். எண்ணெய்க்காக மூன்று நான்கு கப்பல் வரிசையில் நின்றன. அவற்றுக்கு எண்ணெய் இல்லையென்றால் செல்வி இருக்கிற கரைக்கே அரிசியும் மருந்தும் போகாது. இருந்துவிட்டேன். இதைத் தியாகம் என்று யாரும் நினைக்க வேண்டாம். புயலையும், கடலையும், தலைப்பிரசவத்தைத் தாய்வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னவர்களையும் திட்டிக்கொண்டேதான் வேலை பார்த்தேன்.

ஜோசப் சார் ஒன்று செய்தார். எண்ணெய் கொடுக்கும்போது இரண்டு கப்பலுக்கும் நடுவே ஒரு போன் வயரும் போகும். அதில் வேலைப் பேச்சு மட்டும்தான் பேசலாம். ஒரு சின்னக் கப்பலுக்குக் கொடுத்து முடித்து வயரைக் கழற்றும் சமயம் அவரே அதை வாங்கி, அந்தப் பக்கத்து ஆளிடம் இந்தியில் பேசினார். எங்கள் பையன் செந்திலுக்கு இந்த ஊரில் மாமியார் வீடு, மனைவிக்கு நிறைமாதம், அவள் பெயர் செல்வி, உங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் போனால் ஒரு பார்வை பார்த்துவிட்டு வாருங்கள். ஊர்ப் பெயரை எழுத்து எழுத்தாகச் சொன்னார். அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டவர் சரி என்றாராம். அவ்வளவுதான். அந்தக் கப்பல் திரும்பிக் கரைக்குப் போனது.

கை தூக்கினால் நிறுத்து

நான் ஆரம்பத்தில் சொன்னது அதே கப்பல் மறுபடி எண்ணெய்க்கு வந்த காலை. கரைக்குப் போன அவர்கள் ஆட்கள் அப்போதுதான் படகேறித் திரும்பியிருந்தார்கள். குளிக்கக்கூட நேரமில்லாமல் நேராகத் தளத்துக்கு வந்து நின்றிருந்தார்கள். எனக்கு அது தெரியாது. ரொட்டிப் பை போயிற்று, கம்பி போயிற்று, குழாய் போயிற்று, டீசல் ஓட ஆரம்பித்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். எண்ணெய் ஓடும்போது தளத்தில் யாரும் கையை ஆட்டக் கூடாது. காற்றும் எஞ்சினும் போடும் சத்தத்தில் குரல் எடுபடாது. வண்ணப் பலகைகளைக் காட்டித்தான் பேசிக்கொள்வோம். பலகை இல்லாத ஒருவன் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினால் ஆபத்து என்று அர்த்தம். தூக்கியவன் கேப்டனா சமையல்காரனா என்று பார்க்கக் கூடாது. பம்ப்பை உடனே நிறுத்திவிட வேண்டும், காரணம் பிறகு கேட்டுக்கொள்ளலாம். புதிதாக வருகிறவனுக்கு முதல் நாளே இதைச் சொல்லிவிடுவோம். காது அரித்தாலும் தோளுக்கு மேல் கையைக் கொண்டுபோகாமல் சொறிந்துகொள்ளப் பழகியவர்கள் நாங்கள்.

அந்தக் கப்பலில் குழாயின் வாயருகே ஒரு குட்டையான ஆள் நின்றிருந்தார். ஹெல்மெட்டும் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டும் போட்டிருந்ததால் முகம் சரியாகத் தெரியவில்லை. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார். எங்கள் தளத்தில் இருந்த ஒவ்வொருவரையும் உற்று உற்றுப் பார்த்தார். திடீரென்று, பொறுக்க மாட்டாமல், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார்.

எங்கள் பம்ப் ஆள் யோசிக்கவே இல்லை. நிறுத்திவிட்டான். குழாய் ஒரு குலுக்குக் குலுங்கி ஓய்ந்தது. மேல்மாடத்தில் மணி அடித்தது. ஜோசப் சார் கையில் சிவப்புப் பலகையோடு ஓடி வந்தார். கம்பி அறுந்ததா, குழாய் கழன்றதா என்று இரண்டு கப்பலிலும் எல்லோரும் தங்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்தார்கள்.

அந்த ஆளுக்குத் தான் செய்த காரியம் புரிந்துவிட்டது. ஆனாலும் தூக்கிய கையை என்ன செய்வது? இறக்கி, நெஞ்சுக்கு முன்னால் மடக்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினார். தொட்டில்.

என் தளத்தில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அதைப் பார்த்துத்தான் செந்தில் யார் என்று அவருக்கே தெரிந்தது. இப்போது என்னை மட்டும் பார்த்தார். ஒரு விரலால் தன் மூக்கின் ஓரத்தைத் தொட்டுக் காட்டினார். மூக்குத்தி. பெண் குழந்தை. பிறகு தலையில் முக்காடு போடுவதுபோல் காட்டி, கட்டை விரலை உயர்த்தினார். அம்மா நன்றாக இருக்கிறாள்.

நான் வின்ச்சை விடவில்லை. விடமுடியாது. இரண்டு கையும் லீவரில் இருக்க, மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் ஒழுகியதைத் துடைக்க வழியில்லாமல், கம்பியைப் பார்த்துக்கொண்டே ஒரு பெரிய ஆண்பிள்ளை அழுதால் எப்படி இருக்குமோ அப்படி அழுதேன்.

போன் வயரில் இரண்டு கேப்டன்களும் பேசிக்கொண்டது எங்களுக்குக் கேட்கவில்லை. ஒரு நிமிடம் கழித்து ஒலிபெருக்கி கரகரத்தது. எங்கள் கேப்டன் கண்டிப்பானவர். ஒரு பட்டன் கழன்றிருந்தாலும் விடமாட்டார்.

"எண்ணெய் ஏன் நின்றது என்று விசாரித்தேன்" என்றார் இந்தியில். "நம்முடைய செந்திலுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. தாயும் குழந்தையும் நலம். காரணத்தை ஏற்றுக்கொள்கிறேன். பம்ப்பை ஓட்டுங்கள்."

இரண்டு கப்பலிலும் எழுந்த சத்தம் கடல் சத்தத்தை அமுக்கிவிட்டது. காலிப் பை திரும்பி வந்தபோது உள்ளே அவர்கள் கப்பலில் மிச்சமிருந்த சர்க்கரை அத்தனையும் இருந்தது. சமையல்காரர்கள் அன்று மாலை அதைக் கேசரியாகக் கிண்டிவிட்டார்கள்.

செல்வி சொன்ன பாதி

மறுபாதிக் கதை நான் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

புயலன்று சாயங்காலமே ஊர்க்காரர்கள் செல்வியைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விடியும் நேரத்தில் நான்காம் வகுப்பு அறையில் குழந்தை பிறந்தது. கிராமத்து நர்ஸம்மா கூடவே இருந்தார். அந்த அம்மாவுக்கு நான் என்ன நன்றி சொன்னாலும் போதாது. அவர் சொந்த வீட்டுக் கூரை அந்நேரம் எங்கோ பறந்துகொண்டிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு நாள், விழுந்து கிடந்த தென்னைகளின் மேல் ஏறி இறங்கி, ஊர் ஊராக விசாரித்துக்கொண்டு நேகி வந்தார். அந்தக் குட்டை ஆளின் பெயர் அதுதான். இமாசல மலைக்காரர். மற்றவர்கள் மரம் அறுத்துப் பாதை போட்டுக்கொண்டிருக்க, தலைவரிடம் கேட்டுக்கொண்டு அவர் மட்டும் இவ்வளவு தூரம் நடந்திருக்கிறார்.

"வாசல்ல நேவி உடுப்புல ஒருத்தரு வந்து நின்னாரு" என்றாள் செல்வி. "நின்னு, செல்வி, செல்வின்னு என் பேரச் சொன்னாரு. எனக்கு அப்பவே உசுரு போயிடுச்சுங்க. உடுப்பு போட்டவுக வீடு தேடி எதுக்கு வருவாக? உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நெனச்சு, புள்ளய அம்மா கையில குடுத்துட்டு ஓன்னு கத்திட்டேன்."

எனக்கு இது தோன்றவே இல்லை. அவள் உயிரோடு இருக்கிறாளா என்று நான் கடலில் துடித்துக்கொண்டிருந்தபோது, என்னைப் பற்றி அவளும் அதையேதான் நினைத்திருக்கிறாள்.

"அவரு பாவம், வெலவெலத்துப் போயிட்டாரு. தமிழும் தெரியல. நாலு வார்த்த இந்தி பேசிப் பாத்தாரு, எங்களுக்கு ஒண்ணும் வெளங்கல. அப்பறம் அப்படியே தரையில சம்மணம் போட்டு உக்காந்து, சோத்தப் பெசஞ்சு திங்கிற மாதிரி செஞ்சு காட்டி, 'செந்தில் சாப்பாடு... செந்தில் நல்லா சாப்பாடு'ன்னு வயித்தத் தட்டிக்கிட்டாரு. அந்தப் பள்ளிக்கூடமே சிரிச்சுதுங்க. வூடு போயி, மரம் போயி உக்காந்திருந்த சனம், அன்னைக்குத்தான் மொத மொத சிரிச்சுது."

சிரித்து முடித்ததும் செல்வி குழந்தையை அம்மாவிடமிருந்து வாங்கி அவர் மடியில் வைத்தாளாம். உள்ளங்கையைச் சட்டையில் அழுத்தித் துடைத்துவிட்டுத்தான் அவர் தொட்டாராம்.

கொடி இறங்கிய மாலை

நான் பதினைந்து வருடச் சேவை முடித்து ஊருக்கு வந்துவிட்டேன். இப்போது குறுவையும் சம்பாவும் போடுகிறேன். மௌசி எனக்குப் பிறகும் ஓடினாள். சமீபத்தில்தான் அவளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பழைய ஆட்களை விசாகப்பட்டினத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். ஜோசப் சார் ஊன்றுகோலோடு வந்திருந்தார். நேகி எங்கள் கப்பலில் ஒரு நாள்கூட வேலை பார்த்தவர் இல்லை. இருந்தாலும் லீவு போட்டு வந்திருந்தார். "ரொட்டி சாப்பிட்டிருக்கிறேனே" என்றார்.

சூரியன் மறையும்போது கொடியை இறக்கினார்கள். எஞ்சின் நின்றது. அத்தனை வருடமும் காலுக்குக் கீழே இருந்த அதிர்வு இல்லாமல் அந்தத் தளத்தில் நிற்க எனக்குத் தடுமாறியது. இனி உடைக்கும் துறைக்குப் போவாள். ஒரு சண்டைக்கும் போகாமல், ஒரு படத்திலும் முழுசாக விழாமல், போனவர்கள் எல்லோரையும் இன்னும் கொஞ்ச தூரம் போக வைத்தவள். என் அரிசியும், என் வீடும், என் மகள் பிறந்த செய்தியும் அவள் மூலமாக எனக்கு வந்தவை. இறங்கும்போது குனிந்து தளத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அங்கிருந்து நேகியை நேரே தஞ்சாவூர் ரயிலில் ஏற்றிக் கூட்டி வந்தேன். மகள் யாழினிக்குக் காது குத்து வைத்திருந்தோம். நம் பக்கம் ஒற்றைப்படை வயதில் குத்த வேண்டும். ஒன்றிலும் நடக்கவில்லை, மூன்றிலும் நடக்கவில்லை, இப்போது ஐந்து. காரணம் நேகிக்கு லீவு கிடைக்காததுதான். குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். செல்வி வீட்டுக்கு ஒரே பிள்ளை, கூடப் பிறந்தவர் கிடையாது. அவள் பெரியப்பா மகன் குமார் மச்சான் தான்தான் மாமன் என்று ஆரம்பத்திலிருந்தே தயாராக இருந்தார். குலதெய்வக் கோயிலில் வைத்து அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"நான் குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன். ஊரு பேரு தெரியாத ஆளு மடியிலயா வைப்ப?"

செல்வி அதிர்ந்து பேசுகிறவள் இல்லை. அன்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நீங்க கூப்புட்டா எப்பவும் ஓடி வருவீங்க, எனக்குத் தெரியும். இவரு கூப்புடாமயே வந்தாருண்ணே."

குமார் மச்சான் தன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்து மணைப் பலகையில் விரித்து, நேகியைப் பார்த்து, "வாங்க தம்பி, நீங்க இங்கதான் உக்காரணும்" என்றார்.

நேகி மாமன் சீர் கொண்டுவந்திருந்தார். ரயிலில் வரும்போது நான் சொன்ன விவரத்தில் எதையும் விடாமல் தஞ்சாவூர்க் கடையில் வாங்கியிருந்தார். தட்டில் பழம், பூ, தங்கத் தோடு, பட்டுப் பாவாடை. அதோடு தன் மலையில் பின்னிய கம்பளித் தொப்பி ஒன்று. சித்திரை வெயிலில் யாழினி அதைக் கழற்ற மாட்டேன் என்று அடம் பிடித்தாள்.

"தாய்மாமன் யாருங்க, வாங்க" என்று ஆசாரி கூப்பிட்டார். மொழிபெயர்த்துச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் நேகி எழுந்து போய், மணையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையையும் நீட்டினார். உட்காரும் முன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டதை செல்வி பார்த்தாள். நானும் பார்த்தேன்.

வலது காதில் ஊசி போனதும் யாழினி வீறிட்டாள். நேகி அவளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தெரிந்த தமிழில், "நல்லா, நல்லா" என்றார். சொல்லும்போதே அவர் தாடையில் கண்ணீர் வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையிலும் குழந்தை இருந்தாள். செல்வி குனிந்து, தன் முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள். பக்கத்தில் நின்ற என்னைக் கவனிக்க யாருக்கும் நேரமில்லை. நானே துடைத்துக்கொண்டேன்.